வராதவர்களின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்க் கிளையான லாட்ஜ் ஒன்றில், தலைவரான மாஸ்டருக்கு அடுத்த நிலையில் சீனியர் வார்டனாக இருந்து, விரைவில் மாஸ்டராகப் பொறுப்பேற்கப் போகும் சகோதரர் (உறுப்பினர்) ஒருவர் கேட்டிருக்கிறார்: "பதிவேட்டில் அறுபது பெயர் இருக்கிறது. கூட்டத்துக்குப் பதினைந்து பேர்தான் வருகிறார்கள். வருபவர்களும் சடங்கு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு தொண்டு முடிந்துவிடுகிறது. இறைநம்பிக்கை, சகோதர உறவு, சேவை மூன்றிலும் இவர்களுக்கு எப்படி ஊக்கம் கொடுப்பது? ஏற்பு விழாவில் என்ன பேசினால் மனதில் பதியும்?"

அன்றைக்கு நீங்கள் எதைப் பேசினாலும், அடுத்த மாதம் அதே பதினைந்து பேர்தான் வருவார்கள். காரணம் எளிது. உங்கள் பேச்சு போய்ச் சேர வேண்டியவர்கள் அன்று அரங்கத்தில் இருக்க மாட்டார்கள். இது உங்கள் ஊருக்கு மட்டும் வந்த நிலையும் அல்ல. அமெரிக்காவில் 1959ல் 40 லட்சத்தைத் தாண்டியிருந்த மேசன்கள் இன்று 10 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். அங்கே நல்ல பேச்சாளர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. ஆகவே உரையை ஒதுக்கிவைத்துவிட்டு, வராத நாற்பத்தைந்து பேரின் பெயர்களை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வேலைக்கென்றே லாட்ஜில் ஒரு பதவி உண்டு, அல்மோனர். நோயுற்றவர், நொடித்தவர், இறந்த சகோதரரின் மனைவி ஆகியோரின் நலனை விசாரித்து, வேண்டிய உதவி போய்ச் சேரும்படி பார்ப்பது அவர் பொறுப்பு. பல லாட்ஜுகளில் இதை ஓய்வுபெற்ற பாஸ்ட் மாஸ்டர் (முன்னாள் மாஸ்டர்) ஒருவருக்கு மரியாதைக்காகக் கொடுத்துவிடுகிறார்கள். அவரும் வருடாந்திரக் கூட்டத்தில் "எல்லோரும் நலம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். உங்கள் ஆண்டில் நீங்கள் செய்யும் மிக முக்கியமான நியமனம் இதுவாகத்தான் இருக்கும். பேச்சுத்திறன் தேவையில்லை. அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சப்படாதவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக இருந்தால் போதும். மாஸ்டர் வருடாவருடம் மாறுவார். அல்மோனரைக் குறைந்தது நான்கைந்து வருடமாவது மாற்றாதீர்கள்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். ஒரு உறுப்பினருக்கு ஒரு பக்கம். பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், ரத்த வகை, நீண்டகால நோய் ஏதாவது உண்டா, இரவில் வண்டி ஓட்டுவாரா, கடைசியாக அவரிடம் பேசியது யார், எந்தத் தேதியில், அடுத்து யார் எப்போது பேசவேண்டும், இவ்வளவுதான். இதைக் கணினியில் ஏற்றிப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம். ஒருவரின் நோயும் குடும்ப விவரமும் அதில் இருக்கும்.

அறுபது பேரையும் ஒரே ஆள் விசாரிக்க முடியாது. ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்குப் பத்துப் பெயர் கொடுங்கள். மாதம் ஒரு சுற்று என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்புதான். வேலைக்குப் போகிறவரும் செய்யலாம். அந்த ஆறு பேரில் இரண்டு பேராவது சேர்ந்து மூன்று வருடம் ஆகாதவர்களாக இருக்கட்டும். ஒருவருக்கு அக்கறை வருவதற்கு, அவரிடம் பத்துப் பேரின் நலனை ஒப்படைப்பதைவிட நல்ல வழி கிடையாது.

அழைப்பில் தவறு நடப்பது பெரும்பாலும் முதல் வாக்கியத்தில்தான். "ஏன் பிரதர், ஆளையே காணோம்?" என்று ஆரம்பித்தால் அவர் ஒரு சாக்குச் சொல்வார், அதோடு பேச்சு முடிந்துவிடும். "அப்பா எப்படி இருக்கிறார்? பையனுக்குக் காலேஜ் கிடைத்ததா?" என்று கேளுங்கள். முதல் இரண்டு அழைப்பில் கூட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். சந்தா பாக்கியை எந்த அழைப்பிலும் தொடக் கூடாது. வராமல் நின்றவர்களில் பலர் பாக்கிக்காக வெட்கப்பட்டு நின்றவர்கள். முதலில் பாக்கி கொஞ்சமாக இருந்திருக்கும். செயலாளரின் நினைவூட்டல் கடிதம் வந்த பிறகு முகம் கொடுக்க முடியாமல் போயிருக்கும். அதனால் வரிசையை மாற்றுங்கள். பாக்கி விழுந்தால் முதலில் அல்மோனர் நேரில் பார்க்கட்டும், கடிதம் அப்புறம் போகட்டும். தவணையில் கட்டவோ, லாட்ஜ் விதி இடம் கொடுத்தால் ஓராண்டுச் சந்தாவை விட்டுக்கொடுக்கவோ வழி இருந்தால், அதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேட்க வைப்பதே ஒரு தண்டனை.

இறந்துபோன சகோதரர்களின் மனைவிமாரின் பட்டியலைத் தனியாகத் தயாரிக்க வேண்டும். கடந்த பதினைந்து வருட இரங்கல் குறிப்புகளைப் புரட்டினாலே பெயர்கள் கிடைத்துவிடும். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ ரம்ஜானுக்கோ இனிப்போடு ஒருமுறை போனால் நல்லதுதான். ஆனால் அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது காகித வேலையில் துணை. வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கில் பெயர் மாற்றம், குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அலைய ஆள் வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவர்கள் நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு சகோதரர் காரோடு வந்து நின்றால், லாட்ஜ் என்றால் என்ன என்று அந்தக் குடும்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. பண உதவி என்றால் மூன்று பேர் முடிவெடுத்து, வவுச்சர் எண்ணையும் தொகையையும் மட்டும் கணக்கில் எழுதுங்கள். பெறுபவர் பெயர் நடவடிக்கைக் குறிப்பில் வாசிக்கப்படக் கூடாது.

இங்கிலாந்து மரபில் வந்த லாட்ஜுகளில் விருந்தின்போது ஒன்பது மணிக்கு எழுந்து நின்று, 'வந்திருக்காத சகோதரர்கள்' என்று கோப்பை உயர்த்தும் வழக்கம் உண்டு. கடிகார முட்கள் செங்கோணமாக, மேசன்களின் சின்னமான மூலைமட்டத்தின் வடிவில் நிற்கும் நேரம் அது. உங்கள் லாட்ஜிலும் இது இருந்தால், ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அன்று வராதவர்களில் நான்கு பெயரை அல்மோனர் வாசிக்கட்டும்: மருத்துவமனையில் இருப்பவர், வெளியூர் மாற்றலாகிப் போனவர், தாயை இழந்தவர், நெடுநாளாகக் காணாதவர். கோப்பையை வைத்த கையோடு, அவர்களில் ஒருவருக்கு அந்த மேசையிலிருந்தே போன் போட்டு எல்லோரும் வணக்கம் சொல்லுங்கள். நோயுற்றவர் என்றால் முன்கூட்டியே வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை இது. இந்தப் பதிலில் சொல்லியிருப்பவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை என்று பார்க்க வேண்டும். நேரம்தான் முதல் எதிரி. ஆறரைக்குத் தொடங்கும் கூட்டம் எட்டுக்கு முடிந்தால் எட்டே காலுக்கு எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். ஒன்பதேகாலுக்கு முடிந்தால், சர்க்கரை நோயுள்ள பெரியவர் பசியோடு தவிப்பார், மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர் இலையைப் பார்க்காமலே கிளம்புவார். கூட்டத்தை நீட்டுவது பெரும்பாலும் சடங்கு இல்லை. சென்ற கூட்டத்தின் குறிப்பை முழுக்க வாசிப்பது, வாழ்த்துக்கு வாழ்த்து, பதிலுக்குப் பதில், ஒத்திகை இல்லாததால் வரும் தடுமாற்றம் ஆகியவைதான். குறிப்பை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு, கூட்டத்தில் உறுதிப்படுத்த மட்டும் செய்யுங்கள். உறுப்பினரை ஒரு படி உயர்த்தும் டிகிரிச் சடங்கு நடக்கும் மாதத்தில் இரண்டு ஒத்திகை கட்டாயம், ஒன்று பத்து நாள் முன்பு, இன்னொன்று முந்தைய மாலை.

சாப்பாட்டுக் கணக்கையும் மதுக் கணக்கையும் பிரித்துவிடுங்கள். குடிக்காதவர் குடிப்பவரின் செலவைச் சுமப்பது நம் ஊர் லாட்ஜுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெரிய மனக்குறை. சைவம், அசைவம் தனித்தனியாக, ஒரே நேரத்தில் பரிமாறப்பட வேண்டும். இடம் பிடித்து உட்காரும் பழக்கத்தை மாற்ற, ஒவ்வொரு பாஸ்ட் மாஸ்டருக்கும் பக்கத்தில் ஒரு புதியவர் என்று நீங்களே முன்கூட்டி அமர்த்துங்கள். இரவில் வண்டி ஓட்டாத மூத்தவர்களுக்கு, அதே பாதையில் வரும் இளையவர் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் வராத நெருக்கம் அந்த அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் வந்துவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் இரண்டாம் வருடமே நின்றுவிடுகிறார்கள் என்று தேடும்போது, பலரும் பார்க்கத் தவறும் இடம் டெம்பிள் எனப்படும் கூட்ட அறைக்கு வெளியே உள்ள முன்னறை. லாட்ஜ் இரண்டாம் அல்லது மூன்றாம் டிகிரிக்கு உயர்த்தப்படும்போது, அந்த டிகிரி பெறாதவர்கள் வெளியேற வேண்டும். முதல் டிகிரி மட்டும் பெற்ற புதியவர் மேசன்கள் இடுப்பில் கட்டும் வெள்ளை ஏப்ரனோடு வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பது நிமிடம் போனைத் தடவிக்கொண்டிருப்பார். வெளியே நின்று கதவைக் காக்கும் டைலரைத் தவிர அவருக்குத் துணை இல்லை. மூன்று மாதம் தொடர்ந்து இப்படி நடந்தால், அடுத்த முறை அவருக்கு அலுவலகத்தில் வேலை இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள ஒருவர் அவர்களோடு வெளியே போகவேண்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய டிகிரியின் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசட்டும். ஒரு மாதம் அளவுகோல், அடுத்த மாதம் சுத்தியல், அதற்கடுத்து லாட்ஜின் வடகிழக்கு மூலையில் அவர்களை ஏன் நிறுத்தினார்கள் என்பது. கேள்வி கேட்கத் தயங்குபவர்கள் உள்ளே கேட்கமாட்டார்கள், அங்கே கேட்பார்கள்.

டிகிரிகளை அவசரப்படுத்துவதும் ஆட்களை இழக்கச் செய்கிறது. இங்கிலாந்து விதியில் ஒரு டிகிரிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். அது குறைந்தபட்சம்தான், இலக்கு இல்லை. ஒருவர் ஒரு டிகிரியைப் புரிந்துகொண்டு, தன் வாயால் விளக்கும் வரை காத்திருப்பதில் நஷ்டமில்லை. ஒரே வருடத்தில் எட்டுப் பேரைச் சேர்த்துவிட்டு, கவனிக்க ஆளில்லாமல் ஆறு பேரை இழப்பதைவிட மூன்று பேரைச் சேர்த்து மூவரையும் வைத்துக்கொள்வது மேல். சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பொறுப்பும் கொடுத்துவிடுங்கள். வருகைப் பதிவோ, கார் ஏற்பாடோ, தொண்டு நாளின் பொருள் பட்டியலோ, எதுவானாலும் சரி.

இனி இறைநம்பிக்கை. இதைத்தான் மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும். மேசனாவதற்கு ஒரு பரம்பொருளில் நம்பிக்கை வேண்டும். அதற்கு மேல் எந்த மதம் என்று லாட்ஜ் கேட்பதில்லை, லாட்ஜுக்குள் மதச் சர்ச்சைக்கும் அரசியலுக்கும் இடமில்லை. இந்தியாவில் இந்த வரையறை சும்மா வந்துவிடவில்லை. 1752ல் சென்னையில் லாட்ஜ் ஏற்பட்டது. 1770களில் திருச்சியில் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உம்ரா மேசனாகச் சேர்க்கப்பட்டார். ஆனால் ஓர் இந்துவை ஒரே இறைவனை நம்புபவராகக் கருதலாமா என்ற வாதம் கல்கத்தாவில் வருடக்கணக்கில் நடந்து, 1872ல்தான் பிரசன்ன குமார் தத்தா சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1961 நவம்பர் 24 அன்று நாட்டிலுள்ள லாட்ஜுகளுக்குத் தலைமை அமைப்பாக இந்திய கிராண்ட் லாட்ஜ் உருவானது. இன்று நம் லாட்ஜுகளின் பீடத்தில் கீதையும் குர்ஆனும் பைபிளும் அருகருகே திறந்து வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் தம் வேதத்தின் மேல் கைவைத்து உறுதி ஏற்கிறார்கள். நீங்கள் இறைநம்பிக்கைக்கு ஊக்கம் கொடுப்பது என்றால், அவரவர் நம்பிக்கையில் அவரவர் ஆழமாக இறங்கத் துணை நிற்பது என்று பொருள். உங்கள் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஒருவரை அழைத்துப் போவது இல்லை.

செய்யக்கூடியவை எளியவை. பிரார்த்தனை சொல்லும் பதவியிலுள்ள சாப்ளின் அதை ரயிலுக்கு நேரமானது போல் ஓட்டிவிடுகிறார் என்றால், மனப்பாடம் செய்து நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிரார்த்தனைக்குமுன் நோயுற்ற சகோதரர்களின் பெயர்களை வாசித்து, ஒரு முழு நிமிடம் மௌனமாக இருக்க விடுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு அறுபது விநாடி. அந்த நேரத்தில் ஒருவர் மனதுக்குள் ராமா என்பார், ஒருவர் அல்லா என்பார், ஒருவர் கர்த்தரே என்பார். லாட்ஜ் அதில் தலையிடத் தேவையில்லை. மாதம் ஒருவர், ஐந்து நிமிடத்துக்கு மிகாமல், ஒரு சின்னத்தைப் பற்றி எழுதி வாசிக்கட்டும். முதல் டிகிரியை விளக்கும் சின்னப் படத்தில், பைபிளில் வரும் யாக்கோபின் ஏணியில் நிற்கும் நம்பிக்கை, எதிர்பார்ப்பு, அன்பு மூன்றையும் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளலாம். 'என் மதத்தில் இப்படி' என்று பேசலாம், 'உங்கள் மதத்தில் அப்படி' என்று பேசக் கூடாது. இந்த ஒரு விதியை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

மரணம் நேர்ந்த வீட்டில் அந்தக் குடும்பத்தின் சடங்குக்குத்தான் முதலிடம். வீட்டார் கேட்டால் தவிர ஏப்ரன் அணிந்து நிற்க வேண்டாம். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, வெளியூரிலிருந்து வருவோரை அழைத்து வருவது ஆகியவற்றை லாட்ஜ் எடுத்துக்கொள்ளட்டும். பதினாறாம் நாளுக்கோ நாற்பதாம் நாளுக்கோ அழைக்காமலே போய் நில்லுங்கள். எல்லோரும் கலைந்துபோன பிறகு, இரண்டாவது மாதம், அல்மோனர் தனியாக ஒருமுறை போகவேண்டும். தனிமை முழுதாகத் தெரிய ஆரம்பிக்கும் காலம் அது.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் சேர விரும்பினால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 1738லிருந்தே ரோம் மேசன் இயக்கத்தைத் தடை செய்துவருகிறது, 1983 நவம்பரில் வெளியான அறிவிப்பிலும் அந்தத் தடையை உறுதி செய்தது. லாட்ஜ் அவரைத் தடுக்கவில்லை, அவருடைய திருச்சபை தடுக்கிறது. தெரிந்து முடிவெடுக்க அவருக்கு உரிமை உண்டு. சேர்ந்தபின் பங்குத்தந்தை வழியாகக் கேள்விப்பட்டால் லாட்ஜின் மேலுள்ள நம்பிக்கை அவர் வீட்டில் முழுக்கப் போய்விடும்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெம்பிளுக்குள் தடுக்கப்பட்ட மதமும் அரசியலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. குழுவில் செயலாளரும் அல்மோனரும் மட்டும் பதிவிடும்படி வைத்து, அரட்டைக்குத் தனிக் குழு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபார்வேர்டால் மனம் கசந்து நின்றவரைத் திரும்பக் கொண்டுவருவது, பாக்கிக்காக நின்றவரைக் கொண்டுவருவதைவிடக் கஷ்டம்.

தொண்டில் மேசன்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1788ல் லண்டனில் நலிந்த மேசன் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அமெரிக்காவில் மேசன்களின் துணை அமைப்பான ஷ்ரைனர்கள் 1922ல் ஷ்ரீவ்போர்ட்டில் குழந்தைகளுக்கான முதல் மருத்துவமனையைத் திறந்தார்கள். கோவையில் மேசன்களின் குழந்தைகள் மருத்துவமனையைத் தெரியாதவர் குறைவு. ஆனால் அறுபது பேர் கொண்ட லாட்ஜ் மருத்துவமனை கட்டப் புறப்பட வேண்டாம். நன்கொடையை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். காசோலை கொடுப்பதில் பொருளாளரைத் தவிர யாருக்கும் வேலை இல்லை. கை வேலை செய்ய வேண்டிய திட்டமாக, லாட்ஜிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், மாதம் ஒரு அரைநாள் என்று எடுங்கள். தூரம் கூடினால் மூன்றாம் மாதமே ஆள் குறையும்.

கண் சிகிச்சை முகாம் நம் பகுதிக்கு மிகப் பொருத்தமானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் மருத்துவர்களையும் கருவிகளையும் கொண்டுவருகின்றன. இடம், விளம்பரம், தன்னார்வலர், சாப்பாடு ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. மாவட்ட பார்வை இழப்பு தடுப்புச் சங்கத்தின் அனுமதி பற்றி மருத்துவமனையிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அறுவை சிகிச்சை முகாமில் நடக்காது, தேர்வானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். முகாம் தோற்பது பெரும்பாலும் விளம்பரத்தில்தான். பேனர் கட்டினால் கூட்டம் வராது. சுற்றியுள்ள கிராமங்களில் ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலை நடக்கும் இடம் மூன்றிலும் இரண்டு நாள் முன்பு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்துக்கு இரண்டு சகோதரர் போதும், வீட்டுப் பெண்களும் உடன் போனால் மூதாட்டிகள் தயங்காமல் வருவார்கள். அறுவை முடிந்தவர்கள் மறுபரிசோதனைக்கு வந்தார்களா என்று பார்ப்பதும் உங்கள் வேலையே.

ரத்த தானத்துக்கு அளவுகள் தெளிவு: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, இரண்டு தானத்துக்கு இடையே ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம். வருடத்துக்கு ஒரு பெரிய முகாமைவிட, அல்மோனர் நோட்டில் உள்ள ரத்த வகைப் பட்டியலை வைத்து அரசு மருத்துவமனை அழைக்கும்போது ஆள் அனுப்புவது அதிகம் பயன்படும். டெங்குக் காலத்தில் தட்டணுவுக்காக வரும் அழைப்பு நள்ளிரவிலும் வரும், அதற்கு நான்கு பேர் தயாராக இருக்கட்டும். நன்கொடை திரட்டினால், கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் அறக்கட்டளை வழியாக வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். உதவி பெறுபவர் கையில் பொருளைக் கொடுத்தபடி படம் எடுக்காதீர்கள். வேலை செய்யும் சகோதரர்களை எடுங்கள்.

ஆர்வம் மிகுந்தவரைக் கட்டுப்படுத்தவும் தெரிய வேண்டும். முதல் டிகிரியின் 24 அங்குல அளவுகோல் நாளைப் பிரிக்கச் சொல்லித்தருகிறது: பிரார்த்தனைக்கு ஒரு பகுதி, உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு பகுதி, துன்பத்திலுள்ள நண்பருக்கோ சகோதரருக்கோ ஒரு பகுதி. அதுவும் தனக்கும் தன்னைச் சார்ந்தவர்களுக்கும் பாதகம் இல்லாமல். எல்லா வேலையையும் மூன்றே பேர் செய்யும் லாட்ஜில், இரண்டாம் வருட முடிவில் அந்த மூவரில் ஒருவர் வீட்டில் சண்டையோடு விலகிவிடுவார். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பொறுப்பு என்று வரம்பு வையுங்கள். வருடத்தில் இரண்டு முறையாவது தொண்டு நாளைக் குடும்பத்தோடு வைத்து மதிய உணவோடு முடியுங்கள். 'அங்கே போய் என்னதான் செய்கிறீர்கள்?' என்ற கேள்வி வீட்டில் அதற்குப் பிறகு எழாது.

பாஸ்ட் மாஸ்டர்கள் தடை போடுவார்கள் என்று நினைக்கலாம். அவர்களில் பலருக்கு மாஸ்டர் நாற்காலியை விட்டு இறங்கியபின் லாட்ஜில் வேலையே இல்லாமல் போனதுதான் பிரச்சினை. முன்னறைக்குப் புதியவர்களோடு போவது, மூத்தவர்கள் வீட்டுக்குப் போய் வருவது, ஒத்திகையை நடத்துவது இந்த மூன்றையும் அவர்களிடம் பெயர் குறித்து ஒப்படையுங்கள். கூட்டத்தின் நடுவே விமர்சனம் வேண்டாம், திருத்தம் இருந்தால் ஒத்திகையில் சொல்லட்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடத்தில் வருகை பதினைந்திலிருந்து இருபத்திரண்டு ஆனாலே நல்ல வளர்ச்சி. நாற்பதை எதிர்பார்த்தால் மூன்றாம் மாதமே சோர்ந்துபோவீர்கள். வருகையோடு இன்னும் இரண்டு கணக்கை எடுங்கள்: அந்த மாதம் யாராலும் விசாரிக்கப்படாத உறுப்பினர் எத்தனை பேர், தொண்டு நாளில் கை வைத்து வேலை செய்தவர்கள் எத்தனை பேர். முன்னது பூஜ்யத்துக்கு வர ஆறு மாதம் பிடிக்கும். உங்களுக்குப் பின் மாஸ்டராக வரப்போகும் சகோதரரை முதல் நாளிலிருந்தே இந்தக் கணக்கில் உட்கார வைத்து, தொண்டுத் திட்டத்தை இருவரும் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு எழுதி, லாட்ஜின் ஒப்புதலோடு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பன்னிரண்டாவது மாதத்தில் நின்றுபோகும் திட்டங்களில் பாதி, புதிய மாஸ்டருக்கு அது தன்னுடையதாகத் தோன்றாததால்தான் நிற்கின்றன.